கியூவில் சேர்த்த பாடல்களைப் பிளேலிஸ்டாகச் சேமித்துவிடுங்கள்

இணையத்திலும் ஹார்ட் டிஸ்க்கிலும் உள்ள பாடல்களை ஒலிக்கச்செய்யும் கருவியான மியூசிக் ஸ்ட்ரீமரின் செயலியில் ஒன்றன்பின் ஒன்றாக நாம் சேர்க்கும் பாடல்கள் முதலில் 'கியூ' என்னும் தற்காலிக வரிசையிலேயே இருக்கின்றன. பெயரிட்டுச் சேமிக்கும்வரை அது பிளேலிஸ்ட் ஆவதில்லை. கொழும்பில் மின்சாரம் திடீரென நின்று திரும்பும்போது சில கருவிகள் இந்த வரிசையை இழந்துவிடக்கூடும் என்பதால், வீட்டு விசேஷத்துக்கென்று பொறுமையாகத் தேர்ந்த பாடல்களை உடனே சேமிப்பதே பாதுகாப்பானது. ப்ளூசவுண்ட், என்ஏடி போன்ற ஸ்ட்ரீமர்களுக்கான ப்ளூஓஎஸ் செயலியில் கியூ திரையிலேயே அதற்கான தெரிவு உண்டு.

பட்டியல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் அவசியம் கவனியுங்கள். ஸ்ட்ரீமிங் சேவையின் கணக்கில் சேமித்த பட்டியல், அதே கணக்கைப் பயன்படுத்தும் வேறு கைப்பேசியிலும் தெரியும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள சொந்தப் பாடல்களைக் கொண்டு செய்யும் எம்3யூ போன்ற பட்டியல் கோப்பில் பாடல்கள் இருப்பதில்லை, ஒவ்வொரு பாடலும் எந்தக் கோப்புறையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்னும் பாதையே எழுதப்பட்டிருக்கிறது. பின்னாளில் ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினாலோ அதை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, பட்டியலில் பாடலின் பெயர் தெரிந்தும் அது ஒலிக்காது. ஆகவே கோப்புறைகளைத் திரைப்பாடல், கர்நாடக இசை, பக்திப்பாடல் என முதலில் ஒழுங்குபடுத்தி, செயலியில் நூலகத்தை, அதாவது பாடல்களின் அட்டவணையை, புதுப்பித்த பின்னரே பட்டியல் தயாரிக்கத் தொடங்குங்கள்.