பைத்தான் அரேயை சி ஃபங்ஷனுக்கு அனுப்புவது எப்படி?

டபுள் அரே ஒன்றையும் அதன் நீளத்தையும் வாங்கிக்கொண்டு கூட்டுத்தொகையைத் தரும் ஒரு சி ஃபங்ஷன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பைத்தானிலிருந்து கூப்பிட சிடைப்ஸ் (ctypes) என்ற மாட்யூல் போதும், 2006-ல் வந்த பைத்தான் 2.5-லிருந்தே அது கூடவே வருகிறது. சி ஃபைலை ஷேர்டு லைப்ரரியாகக் கம்பைல் செய்து சிடைப்ஸில் உள்ள சிடிஎல்எல் (CDLL) மூலம் லோட் செய்யுங்கள்.

உடனே கூப்பிட்டுவிடாதீர்கள். முதலில் ஃபங்ஷன் வாங்கும் டைப்புகளைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் (argtypes), அது திருப்பித் தரும் டைப்பைச் சொல்லும் ரெஸ்டைப் (restype) இரண்டையும் எழுதுங்கள். ரெஸ்டைப் எழுதாவிட்டால் திரும்பி வருவது இன்ட் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும், டபுள் தரும் ஃபங்ஷனிலிருந்து சம்பந்தமே இல்லாத எண் வந்து நிற்கும், எரரும் வராது.

பைத்தான் லிஸ்டை அப்படியே அனுப்ப முடியாது. சின்ன லிஸ்ட் என்றால் சிடைப்ஸின் சிடபுளை (c_double) நீளத்தால் பெருக்கி ஒரு அரே டைப் உண்டாக்கி, அதில் மதிப்புகளைப் போட்டு அனுப்பலாம். பெரிய டேட்டாவுக்கு எண் அரேக்களுக்கான நம்பை (NumPy) லைப்ரரிதான் சரி, காப்பி எடுக்காமல் முகவரியை மட்டும் கொடுத்துவிடலாம்.

ஆனால் அங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் சி-க்குத் தெரிவது அந்த முகவரி மட்டுமே. 64 பிட் லினக்ஸில் 1, 2, 3 என்று நம்பை அரே உண்டாக்கினால் ஒவ்வொன்றும் 8 பைட், சி-யின் இன்ட்டோ 4 பைட். மூன்று இன்ட் படிக்கச் சொன்னால் அது 1, 0, 2 என்று படித்து, 6 வரவேண்டிய இடத்தில் 3 என்று சொல்லும். ஒன்று விட்டு ஒன்று எடுத்த ஸ்லைஸிலும் இதே கதை: சி நடுவில் எதையும் தாண்டாது, அடுத்தடுத்து இருப்பதையே படிக்கும்.

இதற்கு நம்பையின் சிடைப்ஸ்லிப் (ctypeslib) பகுதியில் என்டிபாயின்டர் (ndpointer) இருக்கிறது. டைப், எத்தனை பரிமாணம், மெமரியில் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் அதில் சொல்லி ஆர்க்டைப்ஸில் போட்டுவிட்டால், பொருந்தாத அரே சி பக்கம் போவதற்கு முன்பே எரர் வந்துவிடும். நான் இதை எப்போதுமே போடச் சொல்வேன்.

எரர் வந்தால் நம்பையின் அஸ்கன்டிகுவஸ்அரே (ascontiguousarray) மூலம், சரியான டைப்பையும் சொல்லி, மாற்றிக்கொள்ளுங்கள். அது தேவைப்பட்டால் காப்பி எடுக்கும், அதனால் சி அரேக்குள் எழுதும் ஃபங்ஷன் என்றால் விடை காப்பியில் போய் உட்கார்ந்துவிடும், உங்கள் பழைய அரே அப்படியே இருக்கும். விடைக்கென்று தனியாக ஒரு அரே உண்டாக்கி அதையே அனுப்புங்கள்.

அப்புறம், சி பக்கம் பாயின்டரைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தும் லைப்ரரி என்றால், அதன் வேலை முடியும்வரை அந்த அரேயைப் பைத்தானில் ஒரு வேரியபிளில் பிடித்து வைத்திருங்கள்.