‘தி சிட்டர்’ படத்தைப் போடும் முன்

2011 டிசம்பரில் வெளியான ‘தி சிட்டர்’ விஷயத்தில் பலரும் செய்யும் பெரிய தவறு, வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று போட்டுவிடுவதுதான். போஸ்டரில் நடிகர் ஜோனா ஹில்லோடு மூன்று குழந்தைகள். கதையும் ஒரு வரியில் கேட்டால், ஊதாரிப் பையனிடம் மாட்டிய அடங்காத பிள்ளைகள். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது ‘ஆர்’ சான்று. 17 வயது நிரம்பாதவர்களைப் பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். முதல் காட்சியே படுக்கையறைச் சமாச்சாரம். நீங்கள் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் சங்கடம் முடிந்துபோயிருக்கும், அப்புறம் கெட்ட வார்த்தைகளும் கொக்கேனும் வரிசையாக வரும். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

அடுத்து, 1987இல் வந்த ‘அட்வென்ச்சர்ஸ் இன் பேபிசிட்டிங்’கை மனதில் வைத்துக்கொண்டு உட்காருவது. கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய முதல் படம் அது. இரண்டிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர்களையும் கூட்டிக்கொண்டு இரவில் நகரத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறார், சரி. ஆனால் அந்தப் படத்தில் நாயகி எலிசபெத் ஷூ கிளம்புவது பஸ் நிலையத்தில் தவிக்கும் தோழியை அழைத்துவர. இங்கே ஜோனா ஹில் நடிக்கும் நோவா கிளம்புவது, அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காத மரிசாவுக்குப் போதைப்பொருள் வாங்கித் தர. அந்த நாயகி பிரச்சினையில் விழுகிறாள், இவன் அதைத் தேடிப் போகிறான். அதனால் அந்தப் படத்தின் செல்லமான பதற்றத்தை இதில் எதிர்பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இதன் சிரிப்பு வேறு வகை: டைனோசர் முட்டைக்குள் கொக்கேனை ஒளித்து வைக்கும் வியாபாரியாக சாம் ராக்வெல் வருகிறார். நட்பும் மிரட்டலும் ஒரே மூச்சில் வருகிற அந்த ஆள்தான் படத்தின் உருப்படியான வேடிக்கை.

நோவா ஒருவன்தான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதும் சரியல்ல. கல்லூரியிலிருந்து இடைநீக்கம் ஆகி, அம்மா வீட்டில் சும்மா கிடப்பவன் அவன், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரியவர்களும் குறைந்தவர்கள் இல்லை: நகைக்கடை வைத்திருக்கும் அவன் அப்பாவைப் பாருங்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவனான, மாத்திரையும் பதற்றமுமாக அலையும் ஸ்லேட்டரின் மனதில் என்ன இருக்கிறது என்று அவன் வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் தன்பாலீர்ப்பு கொண்டவன் என்பதைக் கிண்டல் எதுவும் இல்லாமல் அவனிடமே எடுத்துச் சொல்வது இந்த உதவாக்கரை நோவாதான். என்னைக் கேட்டால் படத்தின் நல்ல காட்சி அதுதான். கிச்சனுக்கு எழுந்து போய்விடாதீர்கள்.

இதை வைத்து ஜோனா ஹில்லை எடைபோட வேண்டாம். அதே ஆண்டு வந்த ‘மணிபால்’ படத்துக்காக அவர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

தியேட்டரில் ஓடிய பதிப்பு 81 நிமிடம்தான். அதற்குள் போதை வியாபாரிக்குத் தரவேண்டிய பத்தாயிரம் டாலர் கடன், துரத்தல், அப்பாவோடு சண்டை, புதுக் காதல், திருந்துவது எல்லாம் நடந்தாக வேண்டும் என்பதால் கடைசிப் பகுதியில் லாஜிக்கை ஓரமாக வைத்துவிட்டார்கள்.