பேனல் ஸ்பீக்கரிலிருந்து பெட்டி ஸ்பீக்கருக்கு மாறுவது எப்படி

எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனலை (உயர் மின்னழுத்தத்தில் மெல்லிய ஃபிலிமை அதிரவைத்து ஒலி எழுப்பும் தட்டை ஸ்பீக்கரை) கொடுத்துவிட்டு சாதாரண பெட்டி ஸ்பீக்கர் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? கடைக்குப் போவதற்கு முன்னால் அறையை ஒரு சுற்றுப் பாருங்கள். பக்கச் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, தரை வெறும் டைல்ஸா, உட்காரும் சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கிறதா, இதையெல்லாம் பாருங்கள். மாறியபின் "இது என்னடா இப்படிக் குழம்பிக் கேட்கிறது" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்பீக்கரில் கோளாறே இருப்பதில்லை. அறைதான் காரணம்.

ஏன் என்றால், பேனல் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் ஒலியை அனுப்பும். பின்னால் போகிற அலை முன் அலைக்கு நேர் எதிரான கட்டத்தில் (ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்) இருப்பதால், பேனலின் விளிம்புப் பக்கமாக இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் இத்தனை வருஷமாக உங்கள் பக்கச் சுவர்களுக்கு அதிக வேலை இருந்ததே இல்லை. பெட்டி ஸ்பீக்கர் அப்படி இல்லை, தாழ்ந்த ஒலியை எல்லாத் திசையிலும் பரப்பும், நடு ஒலியையும் பக்கவாட்டில் கணிசமாக வீசும். அது சுவரில் பட்டு, நேர் ஒலிக்குச் சில மில்லி விநாடி தாமதமாக உங்கள் காதுக்கு வரும்.

மாறுவதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் மின்னூட்டம் கசியும், தூசி சேர்ந்தால் சடசடவென்று பொறி விடும், பழைய பேனலில் பூச்சும் பசையும் போய்விடும், பின்னால் ஒரு மீட்டர் இடம் விட வேண்டும், சத்தமாக வைக்க முடியாது. குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் 1957இல் கொண்டுவந்த முதல் ஈஎஸ்எல் (எலெக்ட்ரோஸ்டாட்டிக்) ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து (ஆம்ப்) வாங்கக்கூடிய உச்ச வரம்பு 33 வோல்ட்தான், அதைத் தாண்டினால் பேனலுக்கு ஆபத்து. 1981இல் வந்த ஈஎஸ்எல்-63இல் பாதுகாப்புச் சுற்று இருந்தது, ஆனாலும் அது கல்யாண வீட்டு ஸ்பீக்கர் இல்லையே.

பழையதைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்கியோ இரவல் கேட்டோ, ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளை வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் தலை இருக்கும் உயரத்தில் எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அளந்து அந்தக் கோப்பைச் சேமித்து வையுங்கள். காதின் ஞாபகம் நம்பத்தகுந்தது இல்லை. மாறிய பிறகு "முன்னால் இன்னும் தெளிவாக இருந்ததே" என்று தோன்றும்போது, இருந்ததா இல்லையா என்று பார்க்க இந்தக் கோப்பு மட்டும்தான் சாட்சி.

கழற்றும்போது கவனம். பேனலுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது, அந்த முதல் ஈஎஸ்எல்லில் பாஸ் (தாழ்ந்த ஒலி) பேனலுக்கு மட்டும் 6,000 வோல்ட். ஆம்பை அணையுங்கள், ஸ்பீக்கரின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள், ஓரிரு நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். பின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

அடுத்து ஆம்ப். இங்கே நல்ல செய்திதான் அதிகம். பேனல் என்பது மின்சாரப் பார்வையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர், ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) பக்கம் ஏற ஏற அதன் மின்தடை இறங்கிக்கொண்டே போகும், சில மாடல்களில் 20,000 ஹெர்ட்ஸ் அருகே 1 ஓம் வரைக்கும். அந்தச் சுமையைத் தாங்கிய ஆம்புக்குப் பெரும்பாலான பெட்டி ஸ்பீக்கர்கள் லேசான வேலை. ஆனால் வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள ஆம்ப்) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். வால்வ் ஆம்பின் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் மின்தடை எங்கே ஏறுகிறதோ அங்கே ஒலியும் ஏறும், எங்கே இறங்குகிறதோ அங்கே இறங்கும். பேனலோடு சேர்ந்தபோது ட்ரெபிள் மென்மையாகக் கேட்டதற்கு அது ஒரு காரணம். பெட்டி ஸ்பீக்கரில் மின்தடை ஏறுவது வூஃபரின் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பின்) இயல்பதிர்வு இருக்கும் தாழ்ந்த பாஸிலும், பெரும்பாலும் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் (உயர்ந்த ஒலி தரும் சின்ன யூனிட்டுக்கும்) ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர் பகுதியிலும். ஆக அதே ஆம்பில் பாஸ் உப்பிக் கேட்கலாம், குரலின் மேல்பகுதி முன்னால் துருத்தலாம். ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன், நண்பரிடம் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? "வேகமான" ஸ்பீக்கர் என்று விற்பனையாளர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வூஃபர் எவ்வளவு வேகம் என்பதை அது எந்த ஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது. பாஸ் "மெதுவாக" இருக்கிறது என்று நமக்குக் கேட்பது அனேகமாக அறைக்குள் அடங்காமல் நீளும் அதிர்வு. பேனலுக்குப் பழகிய காதுக்கு நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். ஒன்று, குரல் பகுதியில் பெட்டியின் மரம் சேர்ந்து பாடக் கூடாது, பக்கப் பலகையில் விரல் முட்டியால் தட்டினாலே கொஞ்சம் தெரியும். இன்னொன்று, ட்வீட்டரும் வூஃபரும் தனித்தனி ஆளாகக் கேட்கக் கூடாது. பிபிசி வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மூடிய பெட்டி இந்த விஷயத்தில் இன்றும் மதிக்கப்படுகிறது, பேனல்காரர்கள் பலர் அதன் குரலில் சமாதானம் ஆகிறார்கள், ஆனால் அதன் உணர்திறன் சுமார் 83 டெசிபல்தான் (அதே சத்தத்துக்கு ஆம்ப் அதிகம் உழைக்க வேண்டும்), பாஸும் குறைவு. வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைக்கும் கெஃப் நிறுவனத்தின் யூனி-க்யூ 1988இலிருந்து வருகிறது. ஒரே புள்ளியிலிருந்து ஒலி வருவதால் கிட்டே உட்கார்ந்தாலும் ஒன்றாகக் கேட்கும். சின்ன அறைக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பேனல் தரும் திறந்த ஒலியை விட மனம் வரவில்லை என்றால் பெட்டியே இல்லாத வழியும் உண்டு. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வடிவமைத்த எல்எக்ஸ்521 போன்ற திறந்த பலகை ஸ்பீக்கர்களில் சாதாரண வூஃபரும் ட்வீட்டரும்தான், ஒலி மட்டும் பேனல் மாதிரியே முன்னும் பின்னும் போகும். ஆனால் பல சேனல் ஆம்ப், மின்னணு கிராஸோவர், பின்னால் இடம் எல்லாம் வேண்டும். இடப் பற்றாக்குறைக்காக மாறுகிறவர்களுக்கு இது உதவாது.

ஸ்பீக்கர் வந்தாயிற்று. பேனல் நின்ற அதே இடத்தில் வைத்துத் தொடங்கலாம், அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும், ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டாண்டு எடுங்கள். திவானில் அல்லது தரையில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் அதற்கேற்ப ஸ்டாண்டைக் குறையுங்கள், அல்லது ஸ்பீக்கரை முன்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். பிறகு பக்கச் சுவர். நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நகர்த்தட்டும், கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடம்தான் முதல் எதிரொலி வரும் இடம். அங்கே புத்தக அலமாரி, அல்லது ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) வைத்துத் துணி போர்த்திய தடித்த சட்டம். மெல்லிய திரைச்சீலையும் ஜமுக்காளமும் உச்ச ட்ரெபிளை மட்டும் தின்னும், குரல் பகுதியை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகி, குழப்பம் மட்டும் மிச்சம் இருக்கும். தடிமன் இல்லாமல் காரியம் ஆகாது.

பாஸ்தான் பெரிய தலைவலி. பேனல் பாஸைக் குறைவாகக் கொடுத்தது, கொடுத்ததையும் அறையின் அதிர்வுகளை அதிகம் கிளப்பாமல் கொடுத்தது. பெட்டி ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கிளப்பும். கணக்கு எளிது: ஒலியின் வேகமான 343ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் (மீட்டரில்) வகுத்தால், அறையே சேர்ந்து முழங்கும் முதல் அதிர்வு எண் வரும். 12 அடி நீள அறைக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ். பாஸ் கிதாரின் கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ், அதே கம்பியில் இரண்டாவது ஃப்ரெட் 46. ஆக இளையராஜா பாட்டு ஒன்றில் பாஸ் கிதார் நடந்து போகும்போது அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீடே அதிர முழங்கும், பக்கத்து ஸ்வரங்கள் ஒழுங்காக இருக்கும். 10 அடிக்கு 10 அடி அறை, கூரையும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் 56 ஹெர்ட்ஸே சேர்ந்துகொள்ளும், அதைவிட மோசமான அறை கிடைப்பது கடினம்.

இதைச் சரிசெய்யக் காசு செலவழிக்கும் முன் சோபாவை நகர்த்துங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பாஸ் உச்சம், அறையின் சரியான நடுவில் முதல் அதிர்வு காணாமல் போகும். இரண்டுக்கும் இடையில் அடி அடியாக முன்னால் வந்து, மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒரே வாத்தியமாகக் கேட்கிற இடத்தில் நில்லுங்கள். அடுத்து ஸ்பீக்கரை அதன் முதுகுப் பக்கச் சுவரிலிருந்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பின்னால் ஓட்டை உள்ள பெட்டி என்றால் கூடவே வருகிற நுரை அடைப்பானைச் சொருகிப் பாருங்கள். மூடிய பெட்டியில் பாஸ் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும், ஓட்டை வைத்ததில் 24. சின்ன அறைக்கு மூடிய பெட்டிதான் ஒத்துப்போகும் என்பது என் கட்சி.

கடைசியாகத்தான் ஈக்யூ (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி). 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், மேடுகளைக் குறைக்க மட்டும். பள்ளத்தை நிரப்பப் பார்த்தால் ஆம்பின் சக்தி வீணாகுமே தவிர பள்ளம் நிறையாது.

புது ஸ்பீக்கரையும் அதே இடத்தில் அளந்து பழைய அளவீட்டுக் கோப்போடு ஒப்பிடுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் காதால் ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்குங்கள், அரை டெசிபல் கூடினாலே கூடியது நல்லது போலத் தோன்றும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஆள் உயரப் பேனல் பாடகரை ஆள் உயரத்துக்குக் காட்டும், பெட்டி காட்டாது. பதிலுக்கு, ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும் என்ற பேனலின் கொடுமை போகும், பக்கத்தில் உட்காருபவருக்கும் பாட்டு கேட்கும். புது ஸ்பீக்கர் "பழக" நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும் என்பார்கள். பழகுவது பெரும்பாலும் நம் காது.

பழைய பேனலைப் புதிய ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அழகுக்கு நிறுத்தி வைக்காதீர்கள். அவ்வளவு பெரிய பரப்பு ஒலியைத் திருப்பி அடிக்கும், உள்ளே இருக்கும் ஃபிலிமும் அதிரும். வேறு அறையில் நிமிர்த்தியே வைத்து, துணி போர்த்தி, ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். விற்பதாக இருந்தால் முந்தின நாளே மின் இணைப்பு கொடுத்துவிடுங்கள், முழுச் சத்தத்துக்கு வர அவற்றுக்கு நேரம் பிடிக்கும். வருகிறவர் எதிரிலேயே இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒலிக்கிறதா என்று காட்டிவிட்டால் பேரம் சீக்கிரம் முடியும்.