முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம்

நாகப்பட்டினம் பக்கம் கவுன்சிலிங் செய்கிறேன். 2004 சுனாமியில் தப்பியவர்கள் சிலருக்கு இன்னமும் அலைச்சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். வருகிறவர்களிடம் நடந்ததை உடனே கேட்க மாட்டேன். தூக்கம் எப்படி, பயம் எப்போது வருகிறது, அங்கிருந்து தொடங்கினால் போதும்.

பயம் ஏறும்போது பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். இது பழகிய அப்புறம்தான் பழைய நினைவைத் தொடுவோம், கொஞ்சம் கொஞ்சமாக. கடற்கரைக்குப் போவதும் அப்படித்தான்: முதலில் தெருமுனை, பிறகு மணல், கூடவே நம்பிக்கையான ஒருவர். ‘அதையெல்லாம் மறந்துடு’ என்று அதட்டும் சொந்தக்காரரை மட்டும் கூட்டிப்போகாதீர்கள்!

யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். கவுன்சிலர் அவசரப்படுத்தினால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை.