அல்பினோ போவா: ஜோடி சேர்க்கும் முன் ஒரு கணக்கு

அல்பினோ போவாப் பாம்பு என்றதும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பு நிறமிதான் இருக்காது. ஆரஞ்சும் மஞ்சளும் தங்கும், வாலில் சிவப்பு தூக்கலாகத் தெரியும்.

முதலில் கணக்கு. இந்த நிறத்துக்குக் காரணம் ஒரு ஒடுங்கு மரபணு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி சேர்ந்தால்தான் நிறம் வெளிப்படும். அல்பினோவை அந்தப் பிரதி இல்லாத சாதாரணப் போவாவோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாமே சாதாரணமாகவே பிறக்கும். ஏமாந்துவிட்டோம் என்று தள்ளிவிடாதீர்கள்; ஒவ்வொன்றும் ஒரு பிரதியைச் சுமக்கிறது. வளர்ப்பவர்கள் இதை 'ஹெட்' என்பார்கள். இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அல்பினோ. மீதி மூன்றில் இரண்டு ஹெட், ஆனால் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. விற்பனைப் பட்டியலில் '66 சதவீத ஹெட்' என்று வருவது இதனால்தான்.

இனி, பலரும் சறுக்கும் இடம். அமெரிக்காவில் பெயர்பெற்ற அல்பினோ வம்ச வரிசைகள் இரண்டு: கால் (Kahl), ஷார்ப் (Sharp). இரண்டும் வளர்ப்பாளர்களின் பெயர்கள். பார்வைக்கு நெருங்கியவை, மரபணு வேறு. இரண்டையும் சேர்த்தால் இரு பக்கமும் அல்பினோவாக இருந்தும் குட்டிகள் சாதாரணமாகவே வரும். பாம்பின் கால் பாம்பறியும் என்பது இந்தக் காலுக்குப் பொருந்தாது. வாங்கும்போதே எந்த வரிசை என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம் உடல்நலம். புதுப் பாம்பைத் தனியறையில் வைத்து, போவாக்களைக் கொல்லும் நோயை உண்டாக்கும் ரெப்டரினா வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதனை செய்த பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. பெண்ணுக்கு நாலு வயதாவது ஆகட்டும், உடம்பும் தேறியிருக்கட்டும்.

சேர்க்கும் காலம் குளிர்காலம். இரவு வெப்பத்தைச் சில டிகிரி குறைத்து, ஆணைப் பெண்ணின் கூண்டில் விடுங்கள். பெண்ணின் நடு உடம்பு திடீரென்று வீங்கினால் கருமுட்டை வெளிப்பட்டது என்று அர்த்தம். அதன்பின் தோல் உரிக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிட்டத்தட்ட 105 நாளில் குட்டி போடும். முட்டை இடாது, அடைகாக்கும் பெட்டிச் செலவும் இல்லை.

தோலின் கோலத்துக்காக மாட்லி என்ற மரபணு வகையை எடுத்தால், மாட்லியோடு மாட்லியைச் சேர்க்காதீர்கள். இரண்டு பிரதி வாங்கிய குட்டிகள் பலவும் வளர்ந்து தேறுவதில்லை.

இந்தியாவில் வளர்ப்பவர்கள் பாம்பை மட்டுமல்ல, பிறந்த குட்டிகளையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஒரே பிரசவத்தில் இருபது குட்டிகூட வரும், எண்ணிக்கொண்டு உட்காருங்கள்.