பூசணியில் பிஞ்சு நிற்கவில்லையா? தேனீக்குப் பிடித்த பூவாகப் பார்த்து நடுங்கள்

பூசணி நிறையப் பூக்கிறது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி விழுகிறது என்று உரம் தேடி அலைகிறவர்கள், வளவுக்குள் தேனீ வருகிறதா என்பதையும் ஒருக்கால் பார்க்கவேண்டும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தை யாராவது சுமந்து போகத்தான் வேண்டும்.

படி 1: செடி விற்கும் நேசரிக்குக் காலை 9 மணி போலப் போய், கன்றுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். எந்தப் பூவில் தேனீ திரும்பத் திரும்ப இறங்குகிறதோ அதை வாங்குங்கள். விற்பவர் சொல்வதைவிட இதை நம்பலாம்.

படி 2: பூவுக்குள் எட்டிப் பாருங்கள். ஒற்றை இதழ்ச் செவ்வரத்தையின் நடுத்தண்டைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். அடுக்குச் செவ்வரத்தையில் அந்த மகரந்தத் தாள்களில் பலதும் இதழாக மாறிவிட்டதால் பார்க்க அழகு, தேனீக்குக் கிடைப்பது குறைவு. பத்துமணிப் பூவிலும் ஒற்றை இதழ் வகையையே கேளுங்கள்.

படி 3: எல்லாப் பூச்சிக்கும் ஒரே பூ சரிவராது. துளசிக் கதிர்களைக் கிள்ளாமல் கொஞ்சம் விட்டால் சின்னத் தேனீக்கள் மொய்க்கும், எக்சோராவின் நீளக் குழாய்க்குள் வண்ணத்துப்பூச்சியின் நாக்கு எட்டும். கத்தரிதான் வேடிக்கை. அதன் மகரந்தம் பைக்குள் அடைபட்டு நுனித் துளை வழியாகத்தான் கொட்டும், அதனால் கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்காக ஒரு காய்ந்த மரக்கட்டையை மூலையில் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கூரை மரத்தில் ஓட்டை போடும்!

படி 4: மாதத்தைப் பாருங்கள். தை, மாசியில் வேலிக் கதியாலில் சீமைக்கிளுவை பூக்கும். ஆட்டுக்குக் குழை வெட்டும்போது ஒரு பக்கத்தையாவது விட்டுவையுங்கள். பிறகு வேம்பு. சிக்கல் தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில்தான், வெயிலும் காற்றும் செடிகளை வாட்டிவிடும். அப்போது கைகொடுப்பவை தென்னம்பாளை, முருங்கை, கிணற்றடியில் தண்ணீர் படும் துளசி, பத்துமணி.

படி 5: ஒவ்வொரு இனத்திலும் ஒன்று ஒன்றாகச் சிதறி நடாமல், ஒரே இனத்தைக் கூட்டமாக நடுங்கள். தேனீ ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடும்.

படி 6: பூத்திருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுதுபட்ட பிறகு அடியுங்கள். ஆனால் புடலைப் பந்தலுக்கு இந்த நேரமும் ஆகாது, அதன் பூ மாலையில் விரிந்து இரவில் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடுகிறது.

தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைப்பதும் நல்லது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், டெங்கு பார்க்க வருகிறவர்களிடம் தேனீக்காக வைத்தது என்று சொன்னால் எடுபடாது.