ஸ்டிக்கி ஸ்க்ரோலை நம்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

நீளமான ஃபங்ஷனின் நடுவில் வேலை செய்யும்போது, அது தொடங்கிய வரி திரைக்கு மேலே மறைந்துவிடும். அந்த வரியை உச்சியில் ஒட்டி வைத்துக் காட்டுவதுதான் வி.எஸ். கோட் என்ற கோட் எடிட்டரில் 2022-ல் வந்த ஸ்டிக்கி ஸ்க்ரோல். அருமையான வசதி. ஆனால் பலர் அதைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

பெரிய தவறு, மேலே ஒட்டியிருப்பது கர்சர் நிற்கும் ஃபங்ஷன் என்று நினைப்பது. வி.எஸ். கோட் கணக்கில் எடுப்பது கர்சரை அல்ல, திரையில் மேலே தெரியும் வரியை. பாதித் திரையில் 'சேவ்' முடிந்து 'டெலீட்' தொடங்கினால், கர்சர் 'டெலீட்' உள்ளே இருந்தாலும் உச்சியில் 'சேவ்' என்றுதான் இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி வரிகள் இருந்தால் தவறான இடத்தை மாற்றிவிடுவோம். சந்தேகம் வந்தால் மேலே ஃபைல், கிளாஸ், ஃபங்ஷன் என்று வரிசையாகக் காட்டும் பிரெட்க்ரம்பைப் பாருங்கள், அது கர்சரோடு நகரும். இதே வேலையைச் செய்யும், நியோவிம் எடிட்டரின் ட்ரீசிட்டர்-கான்டெக்ஸ்ட் ப்ளகின் ஸ்டிக்கி ஸ்க்ரோலுக்கு நேர்மாறு: டிஃபால்ட்டாகக் கர்சரைப் பின்தொடரும், வேண்டுமானால் மேல் வரிக்கு மாற்றலாம்.

அடுத்தது, மேலே 'இஃப்' எதுவும் தெரியவில்லை, அதனால் நிபந்தனையே இல்லை என்று முடிவுகட்டுவது. வி.எஸ். கோட் டிஃபால்ட்டாக அவுட்லைனை, அதாவது ஃபைலின் உள்ளடக்கப் பட்டியலை, நம்புகிறது. பெரும்பாலான மொழிகளில் அதில் கிளாஸும் ஃபங்ஷனும் இருக்கும். இஃப், ஃபார் இருக்காது. என்னைக் கேட்டால், கோடை மாற்றுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்த இஃப்தான். செட்டிங்ஸில் ஸ்டிக்கி ஸ்க்ரோலின் டிஃபால்ட் மாடலை ஃபோல்டிங்குக்கோ (மடக்கக்கூடிய கோட் பகுதிகள்) இன்டென்டேஷனுக்கோ (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) மாற்றிவிடுங்கள். இன்டென்டேஷன் என்றால் ஃபைலை முதலில் ஃபார்மட் செய்வது நல்லது. டேப்பும் ஸ்பேஸும் கலந்து கிடந்தால் அது காட்டும் அடுக்கையும் நம்ப முடியாது.

வரி எண்ணிக்கையையும் கவனியுங்கள். வி.எஸ். கோட் 5 வரியோடு நிறுத்திக்கொள்ளும். நியோவிம் ப்ளகினுக்கு டிஃபால்ட்டாக வரம்பே இல்லை. திரையைப் பிரித்து வைத்த சின்ன ஸ்ப்ளிட்டில் பாதி இடம் அதற்கே போய்விடும். 3 அல்லது 4 போதும். வரம்பைத் தாண்டினால் அந்த ப்ளகின் வெளி அடுக்குகளை விட்டு உள் அடுக்குகளை வைத்துக்கொள்ளும். அதுதான் சரி, அப்படியே விடுங்கள்.

அப்புறம், மூடும் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் 'இது இந்த இஃபின் முடிவு' என்று கமென்ட் எழுதும் பழக்கம். நாளைக்கு நிபந்தனை மாறும், கமென்ட் மாறாது. அந்த வேலையை எடிட்டரிடமே விடுங்கள். ஈமேக்ஸ் எடிட்டரின் 29-ஆம் பதிப்பிலிருந்து, ஜோடி அடைப்புக்குறிகளைக் காட்டும் ஷோ-பேரனில் இதற்கென்றே ஓர் ஆப்ஷன் உண்டு. டிஃபால்ட்டாக ஆஃபில் இருக்கும். ஆன் செய்துவிட்டால், மூடும் குறியருகே கர்சர் வரும்போது, திரைக்கு வெளியே இருக்கும் தொடக்க வரி அடியில் இருக்கும் எக்கோ ஏரியாவில் தெரியும்.